தவறாகப் பிடிபட்டவை: 0

2025 மார்ச் 4, செவ்வாய்
காலை 10.20

மாப்பிள்ளைக்கு,

இந்த நிமிடம் நம் மடற்குழுவின் குப்பைப் பெட்டியில் 11,482 மடல்கள் கிடக்கின்றன. ஒன்றுகூட நமக்குத் தெரிந்த மொழியில் இல்லை. எல்லாவற்றையும் அழிக்க உன் சம்மதம் வேண்டும். 'சரி' என்று ஒரு சொல் எழுதி அனுப்பு, போதும்.

பதினான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்படியா ஆரம்பிப்பது என்று கேட்பாய். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். குழுவின் மடல்களைச் சேமிக்க இணையத்தில் இடம் கொடுத்திருக்கும் நிறுவனம் மார்ச் 31க்குள் பாதி இடத்தைக் காலி செய்யச் சொல்கிறது. செய்யாவிட்டால் மொத்தமாக மூடிவிடுவார்களாம். 412 ஃப்ரீசர் மெக்கானிக்குகளின் எட்டு வருடக் கேள்வி பதில் போய்விடும். எந்தப் பெட்டிக்கு எந்த கேஸ், எந்த கம்ப்ரெசர் எத்தனை வருடத்தில் மக்கர் பண்ணும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. குப்பையைத் தூக்கிப் போட்டால் தப்பிக்கலாம். ஆனால் குழு ஆரம்பித்த அன்று கேன்டீனில் கை துடைக்கிற காகிதத்தில் நீ எழுதிய விதி குறுக்கே நிற்கிறது: 'ரெண்டு பேரும் ஒத்துக்காம எதையும் அழிக்கக் கூடாது.' அன்றைக்கே எனக்கு அது வெட்டி விதி. ஆனாலும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

வடிகட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. 2023 மே மாதம் நான் எழுதியது. மடலில் பாதிக்கு மேல் தமிழும் ஆங்கிலமும் அல்லாத எழுத்து இருந்தால், யார் கண்ணிலும் படாமல் நேரே குப்பைக்குப் போய்விடும். அதற்கு முன் தினமும் காலையில் நீ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். அப்படியும் உன் கைக்குத் தப்பி வந்த ஒன்றுக்கு நம் குழுவின் ஐஸ்கட்டி அண்ணன், "ஐயா, ஒன்றரை டன் கம்ப்ரெசர் என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று மரியாதையாகப் பதில் போட்டாரே! அதற்கப்புறம் ஒரு வருடம் அவருக்கு முடி வளரும் தைலம் விற்கப் பார்த்தார்கள். அவருக்கு வழுக்கை என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அவர் கவலை.

அழிக்கும் முன் ஒரு கணக்கெடுத்தேன். கண்ணாடியில் திருப்பிப் பார்த்த ஆங்கிலம் போன்ற எழுத்து, 6,204. கட்டம் கட்டமாகக் குட்டி வீடு கட்டியது போன்ற எழுத்து, 3,918. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, 1,323. மிச்சம் 37.

இந்த 37 எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எழுத்து உருண்டை உருண்டையாக, கொக்கி கொக்கியாக இருக்கிறது. எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தவை. படம் இல்லை, இணைப்பு இல்லை, 'இங்கே அழுத்து' என்று கெஞ்சும் பொத்தான் இல்லை. ஏழே வரி. வழியில் எழுத்து உடைந்து பாதி கேள்விக்குறியாக வந்திருக்கிறது. முதல் மடலை மொழிபெயர்ப்பானில் போட்டேன். 'வாரம் வாரம் கதவு' என்றது. பொழுது போகாத பைத்தியம் எவனோ.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவள் கேட்டால் மட்டும் சொல்.

விசாரணையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. கேட்டார்கள், பார்த்தேன், இல்லை என்றேன். உள்ளதைச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது.

'சரி' என்ற அந்த ஒரு சொல்லை மறக்காதே.

மச்சான்


2025 மார்ச் 6, வியாழன்

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ எடுத்துவிட்ட வரியை நான் போட்டுக்கொள்கிறேன்: நலமறிய ஆவல்.

மூன்றாவது ஆள் உன் மருமகள். பதினோரு மாதம் ஆகிறது. நான்கு பல். கணக்கு உனக்குப் பிடிக்குமே என்று சொல்கிறேன்.

எனக்கு இங்கே, கடல் தாண்டி வந்த ஊரில், ஓர் இறைச்சிக் கிடங்கில் வேலை. கதவு ரப்பர் மாற்றுகிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவு, ரப்பர், கதவு, ரப்பர். பாலிடெக்னிக்கில் நான் வாய் திறப்பதில்லை என்று, கதவை இறுக்கி மூடும் ரப்பரின் பெயரையே எனக்கு 'கேஸ்கெட்' என்று வைத்தாயே, வைத்த நேரம் பலித்துவிட்டது. கம்ப்ரெசர் பக்கம் விட மாட்டார்கள். பழைய கம்பெனியிலிருந்து நல்ல விதமாக ஒரு கடிதம் கொண்டு வா என்கிறார்கள். மருத்துவக் கல்லூரி ஃப்ரீசர் கெட்டு, மருத்துவர் அம்மா ஒன்பது வருடம் சேர்த்த ரத்த மாதிரிகள் பாழானதற்கு என் அலட்சியம்தான் காரணம் என்று எழுதிய காகிதம்தான் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டினால் கதவையும் தொட விட மாட்டார்கள்.

உன் மடல் வந்ததை உன் தங்கச்சியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணுமாம்?"

"குப்பையை அழிக்கணுமாம். என்கிட்ட சம்மதம் கேக்குறான்."

"ஓ, குப்பைன்னா மட்டும் கேட்டுட்டு செய்வானா?"

அவ்வளவுதான். மடித்த துணியையே திரும்பவும் உதறி மடித்தாள்.

நீ கேட்ட சொல்லைத் தருவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். என்னடா இவன் என்று பல்லைக் கடிக்காதே. அந்த 37 என் மண்டையைக் குடைகிறது. எதையும் விற்காதவன் எதற்காக மடல் போடுகிறான்? 'கதவு' என்ற சொல்லும் என்னை விடவில்லை. அது என் தொழில் கோளாறாக இருக்கலாம். ஏழு வரியில் எண்கள் இருக்கின்றனவா? இருந்தால் எந்த வரியில் எந்த எண்? மடலுக்கு மடல் எது மாறுகிறது, எது மாறவில்லை? தேதி என்ன, நேரம் என்ன? நாலைந்தைத் திறந்து பார்த்து எழுது. மார்ச் 31க்கு இன்னும் நாள் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கேன்டீனிலேயே மூன்று வேளையும் சாப்பிடாதே.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை
கேஸ்கெட்


2025 மார்ச் 8, சனி
காலை 11.05

மாப்பிள்ளை,

ஒரு சொல் கேட்டால் ஒரு பக்கம் கேள்வி அனுப்புகிறாய். நீ மாறவே இல்லை.

திறந்து பார்த்தேன். உனக்காக இல்லை, நீ கிளப்பிவிட்ட பிறகு எனக்கும் தூக்கம் கெட்டுவிட்டது. மேலிருந்து வரிசையாக ஐந்து மடல். ஐந்தும் திங்கட்கிழமை, ஐந்தும் காலை 6.10. ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. மாப்பிள்ளை, எந்த மனுஷன் ஐந்து வாரம் 6.10க்கு எழுதுவான்? நீ எட்டு மணி வேலைக்கு எட்டரைக்கு வருகிறவன், உனக்கே தெரியும். இதை எழுதுவது ஆள் இல்லை, இயந்திரம்.

முதல் வரி, இரண்டாவது வரி: எழுத்து மட்டும், மாறவே இல்லை. ஐந்தாவது வரி: அந்தக் 'கதவு', அதன் பக்கத்தில் எப்போதும் 0. ஆறாவது வரி: நீளமான ஓர் எண், கடைசியில் 0417, அதுவும் மாறவில்லை. நான்காவது வரியில் ஓர் எண் வாரா வாரம் கூடிக்கொண்டே போகிறது. ஏழாவது, பாட்டரியோ என்னவோ, 98, 98, 97.

மூன்றாவது வரிதான் வேடிக்கை. 80, 79, 80, 80, 81. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கோடு. வாக்கியத்தின் நடுவில் போடும் கோடு என்று நினைத்து விட்டுவிட்டேன். டீ வாங்கப் போய், க்யூவில் நிற்கும்போதுதான் உறைத்தது. அது கோடு இல்லை. மைனஸ்.

மைனஸ் எண்பது! இது ஃப்ரீசர் எழுதுகிற மடல்டா! டீயை வாங்காமலே ஓடி வந்தேன். நாலாவது வரி, கம்ப்ரெசர் ஓடிய மணி. 'கதவு 0' என்றால் கதவு மூடியிருக்கிறது. 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று ஒரு பெட்டி திங்கட்கிழமை தோறும் நமக்குக் கடிதம் போட்டிருக்கிறது. நாம்தான் குப்பையில் வைத்திருக்கிறோம். எட்டு வருடத்தில் இந்தக் குழுவுக்கு வந்த மடல்களிலேயே ஒழுங்கான மடல் இதுதான். நேரம் தவறவில்லை, வளவளப்பு இல்லை, கடைசியில் நாலு வரி வாழ்த்து இல்லை.

எந்த ஊர்ப் பெட்டி, யார் மாட்டியது என்று பார்த்துவிடுகிறேன். 0417ஐ வைத்து சர்வீஸ் பதிவேட்டில் தேடினால் ஐந்து நிமிட வேலை. எந்த மடையன் அலாரம் முகவரி கேட்கும் கட்டத்தில் நம் குழுவின் முகவரியைப் போட்டான் என்று கண்டுபிடித்து, 412 பேர் முன்னால் வைத்து அவனை வறுத்து

இரு.

முதல் மடல் 2023 ஜூன் 5.

அப்புறம் எழுதுகிறேன்.


2025 மார்ச் 15, சனி

அன்புள்ள மச்சானுக்கு,

ஏழு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏழு மணி நேரம் பொறுக்காதவன் நீ. அப்படியென்றால் மிச்சம் 32ஐயும் திறந்துவிட்டாய்.

முகவரியைப் போட்ட மடையன் நான்தான். விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன். 2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை மத்தியானம். மருத்துவக் கல்லூரியில் அந்தப் பெட்டியை மாட்டியது நாம் ரெண்டு பேரும். நீ டார்ச் பிடித்தாய், நான் பொத்தானை அமுக்கினேன். அலாரம் யாருக்குப் போக வேண்டும் என்று பெட்டி கேட்டது. கல்லூரியில் யாரும் முகவரி கொடுத்திருக்கவில்லை. காலியாக விட மனம் வரவில்லை. குழுவின் முகவரியைப் போட்டேன். நானூறு மெக்கானிக்கில் ஒருத்தன் கண்ணிலாவது படும் என்ற நம்பிக்கை. வேறு எந்தத் தொழில்காரனுக்கும் இந்தப் புத்தி வராது.

திரையில் ஆங்கிலம் வைத்தோம். மடலுக்கு மொழி தனியாக வைக்க வேண்டும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இப்போது உன் ஏழு வரியைப் படித்த பிறகுதான் எனக்கே புரிகிறது. தொழிற்சாலையில் எந்த மொழியில் பிறந்ததோ அதே மொழியில் அது எழுதியிருக்கிறது.

"ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாத்துடலாம்" என்றேன். நீ டார்ச்சை அணைத்துவிட்டாய். "டெஸ்ட்டாவது கிஸ்ட்டாவது, மூணு மணிக்கு அடுத்த இடம் இருக்கு, வா." வந்தேன். அதில் என் தப்பும் இருக்கிறது. இருட்டில் நின்று இன்னொரு பொத்தானை அமுக்கியிருக்கலாம்.

விசாரணை அறை ஞாபகம் இருக்கிறதா? பச்சை மேஜை விரிப்பு, நடுவில் யாரும் தொடாத பிஸ்கட் தட்டு. மேனேஜர் உன்னைக் காட்டி, "குழுவை நடத்துறது இவர்தானே, அலாரம் மெயில் வந்துச்சான்னு இவரே பாத்துச் சொல்லட்டும்" என்றார். மடிக்கணினியைத் திறந்தாய். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் முழுதாக ஆகவில்லை. "இல்ல சார். அப்படி ஒரு மெயிலும் வரல." மூடினாய். மருத்துவர் அம்மா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "நாலாயிரத்து நூறு டியூப் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நீ பொய் சொன்னாய் என்று நானோ உன் தங்கச்சியோ ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை உனக்கு எழுத வேண்டும் என்று பல முறை உட்கார்ந்திருக்கிறேன். நேற்று அவளிடம் மைனஸ் எண்பதைப் பற்றிச் சொன்னேன். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னாள். "அண்ணனுக்குப் பொய் வராதுங்க. அது எனக்குத் தெரியும். ரெண்டே நிமிஷம் தேடினானே, அதான் எனக்கு ஆறல. ஒரு டீக்குக் கூட அவன் அதைவிட நேரம் நிப்பான்."

டீக்கு நிற்காமல் நீ ஓடி வந்ததை அவளிடம் சொன்னேன்.  அந்த மடலைக் காட்டச் சொல்லிக் கேட்டு, தானே இரண்டு முறை படித்தாள்.

நீ என்ன கண்டாய் என்று கேட்க மாட்டேன். உனக்கு அங்கே வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது. எனக்குக் கதவும் ரப்பரும் பழகிவிட்டன. எட்டு வருடக் கேள்வி பதில் போய்விடக் கூடாது. ஆகவே விதிப்படி, நீ கேட்ட சொல் இதோ:

சரி.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாயிற்று. இனி உன் கையில்.

அன்புடன்,
கேஸ்கெட்


2025 மார்ச் 17, திங்கள்
காலை 6.10

மாப்பிள்ளை,

திங்கட்கிழமை 6.10. அந்தப் பெட்டி கடிதம் போடும் நேரம். நானும் இந்த நேரத்துக்கே எழுதுகிறேன்.

37இல் 24 திங்கட்கிழமை மடல்கள். 2023 ஜூன் 5 முதல் நவம்பர் 13 வரை, ஒரு வாரம் தவறவில்லை. மிச்சம் 13ம் ஒரே நாளில் வந்தவை. நவம்பர் 18, சனிக்கிழமை. மத்தியானம் 1.20க்கு முதல் மடல். அதில் ஏழு வரிக்கு மேலே புதிதாக ஒரு வரி, மூன்று ஆச்சரியக்குறியோடு. ஆச்சரியக்குறிக்கு மொழி கிடையாது. அப்புறம் அரை மணிக்கு ஒன்று.

மைனஸ் 74. 71. 67. 64. 60. 57. 54. 51. 48. 46. 43. 41. 39.

கடைசி மடல் 7.20க்கு. சனிக்கிழமை ஏழரைக்கு வாட்ச்மேன் கட்டடத்தின் நெட்வொர்க்கை அணைத்துவிட்டுப் போவது வழக்கம். அதற்கப்புறம் பெட்டிக்கு வாய் இல்லை. திங்கட்கிழமை விடியற்காலை, நெட்வொர்க் போடும் முன்பே, பெட்டியைத் திறந்து அணைத்தபோது உள்ளே பிளஸ் 9. அது உனக்கே தெரியும்.

இது உனக்குத் தெரியாதது. சனிக்கிழமை தோறும் ஐந்து மணிக்கு நான் குழுவுக்கு வடிகட்டி அறிக்கை போடுவேன். யாரும் கேட்டதில்லை, நானாகப் போடுவது. அந்தச் சனிக்கிழமை போட்டதைத் தேடி எடுத்தேன். 'இந்த வாரம் பிடிபட்டவை: 163. தவறாகப் பிடிபட்டவை: 0.' ஐஸ்கட்டி அண்ணன் கை தட்டும் பொம்மை போட்டிருக்கிறார். அந்த 163இல் எட்டு, உன் பெட்டி போட்ட கூச்சல். அப்போது மைனஸ் 51. மைனஸ் நாற்பதைத் தாண்டாதவரை எல்லாவற்றையும் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றிக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் அம்மா விசாரணையில் சொன்னார். ஐந்து மணிக்கு நான் கல்லூரியிலிருந்து பைக்கில் பதினைந்து நிமிட தூரத்தில் உட்கார்ந்து பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பூஜ்யத்தை நான் எண்ணிப் போடவில்லை. திறந்து பார்க்காமல் எப்படி எண்ணுவது? வடிகட்டி என்னுடையது, அது தப்புப் பண்ணாது என்று போட்டது.

விசாரணையிலும் அதையேதான் செய்தேன். குழுவின் பழைய மடல்களில் மட்டும் தேடினேன். குப்பையைத் திறக்க இன்னும் ஒரே ஒரு சொடுக்கு. தோன்றவே இல்லை.

'உள்ளதைச் சொன்னேன்' என்று முதல் மடலில் உனக்கு எழுதினேனே. அந்த வரியைத் திரும்பப் படிக்க முடியவில்லை.

இந்த ஏழு நாளில் ஒருமுறை அழிக்கும் பொத்தான் மேல் கை போனது. எழுதத்தான் வேண்டும், அதனால் எழுதுகிறேன். அப்போது உன் 'சரி' வந்திருக்கவில்லை. வெட்டி விதி என்று நான் சொன்ன அந்தக் காகிதம்தான் என் கையைப் பிடித்தது. சனிக்கிழமை உன் 'சரி' வந்தது. படித்ததும் கோபம்தான் வந்தது. என்னை நம்பி இப்படி ஒன்றை என் கையில் கொடுப்பாயா? அப்புறம் இன்னொரு முறை படித்தேன். தங்கச்சி இரண்டு முறை படித்தாளாமே.

உன் சம்மதம் உனக்கே. என்னுடையது இல்லை. இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆகவே எதுவும் அழியாது.

இனி செய்யப் போவது:

1. இன்று காலை 9 மணிக்கு 37 மடலையும் அச்செடுப்பேன். உடைந்த எழுத்து உடைந்தபடியே இருக்கும். மூன்றாவது வரியின் கீழ் மட்டும் கோடு போடுவேன்.

2. 10.30க்கு மருத்துவர் அம்மாவின் அறைக்கு நேரில் போவேன். வெளியே போ என்றால் வராந்தாவில் நிற்பேன். உன்னிடம் சொன்னதை என்னிடம் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

3. மத்தியானம் மேனேஜருக்குக் கடிதம். நான் விசாரணையில் சொன்னது தவறு, சரியாகத் தேடவில்லை, டெஸ்ட் மெயில் வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். உன் மேல் எழுதிய காகிதத்தைத் திரும்பப் பெற வேண்டும், புதிதாக ஒன்று தர வேண்டும். நகல் உனக்கு. என் வேலை போனால் போகட்டும். அங்கே கதவு ரப்பருக்கு ஆள் வேண்டுமா என்று விசாரித்து வை.

4. சாயங்காலம் 5 மணிக்குக் குழுவுக்குத் திருத்த அறிக்கை. '2023 நவம்பர் 18 அறிக்கையில் பிழை. அன்று முழுக்கத் தவறாகப் பிடிபட்டவை 0 இல்லை, 13. பிடித்தது நான்.'

5. குப்பையின் நகலை என் சொந்த வட்டில் எடுத்து வைத்து, குழுவுக்கு வேறு இடம் பார்ப்பேன்.

6. வடிகட்டி இருக்கும். ஆனால் தினமும் காலையில் அது பிடித்த ஒவ்வொன்றையும் கண்ணால் பார்ப்பேன். நீ பார்த்தது போல. நேற்று 29 பார்த்தேன். ஒருவன் எனக்குப் படகு விற்கிறான்.

7. சனிக்கிழமை உங்கள் ஊர் நேரம் மாலை 4 மணிக்குத் தங்கச்சிக்கு போன் செய்வேன். எடுக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை. அப்புறம் அதற்கடுத்த சனிக்கிழமை. எத்தனை தடவை என்று எண்ண மாட்டேன்.